கூடாரத்து வாசலில் கிடந்த செருப்பு

கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் உமி பிரியும். பிரிந்த உமியை ஊதினால் பறக்கும். பறந்தது போக எஞ்சுவதுதான் விளைச்சல். அன்று காலையிலிருந்து, பயிர் விஞ்ஞானியான பெரியவள் கசக்கிய கதிர்களில் எஞ்சியது எதுவுமில்லை. ஆராய்ச்சி நிலையத்தின் வெப்பக் கூடாரத்தில் வளர்ந்த கோதுமை அது. வரிசைவாரியாக அறுத்து, காகித உறைகளிலிட்டு, விதை அறையின் நீண்ட மேசைமேல் அடுக்கியிருந்தார்கள். ஓர் உறையைப் பிரிப்பாள், கதிரை எடுப்பாள், கசக்குவாள், ஊதுவாள், வெறுங்கையைப் பார்ப்பாள். நெட்டையும் நிமிர்வுமாய் நின்ற கதிர்கள்தாம், உள்ளே மணியில்லை. மேடையில் முழங்கிவிட்டு வீட்டில் வாய்மூடிக் கிடக்கும் மனிதர்களைப் போல, வெளியே மிடுக்கு, உள்ளே பதர். எதிர்பார்த்ததுதான். அந்த நண்பகலின் வெப்பத்தில் மகரந்தம் முழுவதும் செத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆராய்ச்சிக்காகப் பிரித்துக்கொண்டிருக்கவில்லை, பிணத்தை அடையாளம் காட்ட வந்தவளைப் போல, பிரிக்க வேண்டியிருக்கிறதே என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த உறையிலிருந்த கதிரின் காம்பில் மற்றவற்றைப் போலவே சிவப்பு நூல் கட்டியிருந்தது. கசக்கினாள். கையில் ஏதோ உறுத்தியது. ஊதினாள். உமி பறந்தது, மணிகள் பறக்கவில்லை.

பருத்த, பழுப்பேறிய, சுருக்கமில்லாத மணிகள். அதே வரிசையின் இன்னொரு கதிரை எடுத்தாள், அதிலும் மணி. இன்னொன்றிலும். ஆய்வுக்கூடம் முன்பே அனுப்பிவைத்த மரபணு முடிவைக் கணினியில் திறந்து, அந்த வரிசையோடு ஒரே மரபுத் துண்டைப் பகிர்ந்துகொண்ட வேறு இரண்டு வரிசைகளின் உறைகளையும் தேடிப் பிரித்தாள். இரண்டிலும் மணி பிடித்திருந்தது. கோதுமைக்குத் தூரத்து உறவான ஒரு காட்டுப்புல்லிலிருந்து, பல தலைமுறைக் கலப்புக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட சின்னஞ்சிறு குரோமோசோம் துண்டு அது. அது இருந்த மூன்று வரிசைகளும் காய்த்திருந்தன; இல்லாத அத்தனையும் பதராகியிருந்தன. வருடத்துக்கு வருடம் வெயில் முன்கூட்டியே வந்து, பூக்கும் பருவத்திலேயே பயிரைப் பொசுக்குகிறதே, அந்த வெயிலின் முகத்தில் நின்று மகரந்தத்தைக் காப்பாற்றும் மரபணு எங்கே இருக்கிறது என்று அவள் இளமை முழுவதையும் செலவிட்டுத் தேடிய விடை, அவள் உள்ளங்கையில் கிடந்தது.

மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. கடையில் திருடிய பொருளோடு வாசலைத் தாண்டும்போது தோளில் ஒரு கை விழுந்ததுபோல இருந்தது. சட்டென்று உள்ளங்கையை மூடிக்கொண்டு, அறையில் வேறு யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்தாள்.

ஏனென்றால், அந்த நண்பகலை உண்டாக்கியவள் அவள்தான். அது அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

வெப்பக் கூடாரம் என்பது பெரிய விஞ்ஞானமொன்றும் இல்லை. வளைத்த இரும்புக் குழாய்களின்மேல் பாலித்தீன் போர்த்திய, குனிந்து நுழைய வேண்டிய நீண்ட கூண்டு. ஒரு முனையில் சூட்டை வெளியே தள்ளும் விசிறி, மறு முனையில் தூக்கிச் சுருட்டக்கூடிய வாசல். பூக்கும் நாள்களில் வெயில் ஏறியதும் வாசலை இறக்கி, அடியில் காற்று நுழைய ஒரு முழம் இடைவெளி விட்டு, பயிரைக் குறித்த வெப்பத்தில் நிறுத்துவார்கள். கூடாரத்தின் பக்கத்தில் ஒரு தகரப் பலகை உண்டு. குறித்த அளவைத் தாண்டினால் பயிர் பாதிக்கப்படும், உடனே வாசலைத் திறக்கவும் என்று அதில் எழுதியிருக்கும். பயிருக்கு வரம்பு வகுத்தார்கள். பயிருக்குக் காவல் எழுதி வைத்தார்கள். அந்தப் பயிருக்கு நடுவே குந்தி உட்கார்ந்து வேலை செய்யும் மனித உடம்பு எந்த அளவில் பாதிக்கப்படும் என்று எழுத, அந்தப் பலகையில் இடமா இல்லை? இடம் இருந்தது. எழுதத் தோன்றவில்லை. பலகையின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவளும் பெரியவள்தான்.

உள்ளே வேலை செய்தவள் சின்னவள். பெரியவளின் ஓரகத்தி, கணவனுடைய தம்பியின் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. தையற்கடைகளுக்குப் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தவளின் விரல் வேகத்தைப் பார்த்து, "இந்த விரலுக்கு எங்க வயல்ல வேலை இருக்குடி" என்று கூட்டிப் போய்த் தினக்கூலியாகச் சேர்த்தவளே பெரியவள்தான். "வீட்டுல அக்கா, வயல்ல மேடம். நடுவழியில பஸ்ல என்னன்னு கூப்பிடறது?" என்று முதல் நாளே கேட்டுப் பேருந்து முழுவதையும் சிரிக்க வைத்தாள் சின்னவள். அவள் வேலை, அன்றன்று பூக்கும் கதிர்களைத் தேடிக் கண்டுபிடித்து, அன்றைக்குரிய நிறத்தில் நூல் கட்டுவது. கேட்கச் சின்ன வேலை. ஆனால் ஆராய்ச்சியின் உயிரே அதில்தான் இருந்தது. வெயில் வருமுன்னே பூத்து முடித்துத் தப்பித்த கோதுமை வேறு. வெயிலுக்கு நேரே பூவைத் திறந்து வைத்துத் தாங்கிய கோதுமை வேறு. அறுவடையில் இரண்டும் ஒரே போலத்தான் மணி காட்டும். தப்பித்தது எது, தாங்கியது எது என்று பிரித்துச் சொல்ல அந்த நூலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அன்றைக்குரிய நிறம் சிவப்பு. "வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிட்டு வந்துடு" என்று சின்னவளைக் காலையில் உள்ளே அனுப்பியிருந்தாள் பெரியவள். பிறகு வேறு வயல், வேறு வேலை, தொலைபேசியில் யாரோடோ வாக்குவாதம். நண்பகலில் கூடாரத்தின் பக்கம் வந்தவளுக்குக் கண்ணில் பட்டது, ஒரு கல்லை முட்டுக்கொடுத்துத் தூக்கி வைத்திருந்த வாசல். சூடு முழுவதும் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. விசிறியைப் பார்க்க வரும் ஒயர்மேன் இப்படித்தான் திறந்துபோட்டுவிட்டுப் போவார். இதற்கு முன்பும் அவரைத் திட்டியிருக்கிறாள். கோபம் தலைக்கேறியது. கல்லை உதைத்துத் தள்ளினாள், வாசலை இறக்கினாள், கிளிப்புகளை மாட்டினாள். இழந்த சூட்டை ஈடுகட்ட வேண்டும் என்ற வெறியில், காற்றுக்கு விட வேண்டிய இடைவெளியையும் மணல் மூட்டையை இழுத்து அடைத்தாள். பாலித்தீன் ஆவி படர்ந்து பால்போல வெளுத்திருந்தது. உள்ளே எதுவும் தெரியவில்லை. "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" ஒரே ஒரு குரல். அதைக் கொடுக்கவில்லை. கொடுக்காமலே போய்விட்டாள்.

காற்று வர வழியில்லாத கூடாரத்தில் விசிறி எதை இழுக்கும்? பாலித்தீனையே இழுத்தது. தாள் போய் விசிறிக் கூண்டில் ஒட்டிக்கொள்ள, மோட்டார் சூடேறி நின்றது. விசிறிச் சத்தம் கேட்கவில்லையே என்று வந்த ஒயர்மேன்தான் பக்கவாட்டில் பிளேடால் கிழித்து, பயிருக்கிடையில் சுருண்டு கிடந்த சின்னவளை வெளியே இழுத்துப் போட்டார். அந்த அவசரத்தில் தம் கையையும் கிழித்துக்கொண்டார். மருத்துவமனையில் சின்னவளின் சிறுநீரகம் கொஞ்ச நாள் வேலை செய்ய மறுத்து, பிறகு மனமிரங்கியது. தலை தப்பியது. ஆனால் உடம்பு வியர்க்க மறந்துவிட்டது; வெயிலிலும் அடுப்படியிலும் நிற்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். "வேலை செய்யற எடத்துல படுத்துத் தூங்கியிருப்பா, வேற என்ன?" என்று அவள் கணவனே சொன்னான். பெரியவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டு இருந்தாள், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் கவனக்குறைவு. கவனக்குறைவை மன்னித்துக்கொள்ள மனம் ஆயிரம் வழி வைத்திருக்கிறது. ஆனால் ஒன்றை அவள் மனத்துக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள். வாசலைத் தரையோடு ஒட்டி இழுத்தபோது காலில் ஏதோ இடறியது. வெளி மண்ணும் வெளி விதையும் உள்ளே போகக் கூடாதென்று, கூடாரத்துக்குள் போகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவளும் அவளே. இடறியது செருப்பு. தாள் சரியாகப் படியவேண்டும் என்று அதைக் காலாலேயே ஓரமாகத் தள்ளினாள். முதலில் ஒன்றை, பிறகு மற்றதை. கண் பார்க்கவில்லை, கால் பார்த்தது. தினமும் வீட்டு வாசலில் தன் செருப்புக்குப் பக்கத்தில் கிடக்கும் அந்த ஜோடியை, இரவில் விளக்கில்லாமல் இறங்கினாலும் இன்னாருடையது என்று சொல்லிவிடும் கால் அது.

கதிர்களைப் பற்றிச் சொன்னதும் நிலையத்தின் இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார். மணிகளை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர், அறிவியலை உண்மையாகவே நேசிப்பவர். ஊழியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அவர்கள் குழந்தைகளை விசாரிப்பார். அநீதி எப்போதும் அரக்கன் முகத்தோடுதான் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள்தாம் அதை அடையாளம் காணாமல் விட்டுவிடுகிறார்கள்.

"மேடம், இது சாதாரண விஷயம் இல்ல. ஆனா முதல் கேள்வியே, கூடாரம் ஏன் அன்னைக்கு மட்டும் அவ்வளவு சூடாச்சுன்னுதான் கேப்பாங்க."

"கேப்பாங்க சார்."

"விசிறி நின்னுடுச்சு. ஒயர்மேன் சரியா பாக்கல. முடிஞ்சுது. நாளைக்கு விசாரணை இருக்கு, அதுலயே பதிவு பண்ணிடலாம். பாவம்தான், ஆனா அந்த ஆளை இனிமே வச்சுக்க முடியாது. அந்தப் பொண்ணும் அந்நேரத்துல எதுக்கு உள்ள போச்சுன்னு தெரியல." அவர் தயங்கினார். "உங்க சொந்தம்னு தெரியும். தப்பா நினைச்சுக்காதீங்க."

நான்தான் அனுப்பினேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொற்கூட இல்லை. பெரியவளின் தலை, அவளைக் கேட்காமலே, மேலும் கீழுமாக அசைந்தது.

"சிவப்பு நூல் கட்டினதால தப்பிச்சோம் மேடம். இல்லன்னா இதெல்லாம் முன்னாடியே பூத்துத் தப்பிச்சதுன்னு அடிச்சுச் சொல்லியிருப்பாங்க" என்றார் இயக்குநர், மணியொன்றை விரல் நுனியில் உருட்டியபடி. தப்பிச்சோம் என்ற அந்தச் சொல் அறையைவிட்டு வெளியே வந்த பிறகும் அவளோடே நடந்து வந்தது.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒயர்மேன் உட்கார்ந்திருந்தார். பணிக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்ட பிறகும் தினமும் வந்து அங்கே உட்கார்ந்துவிட்டுப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள். வேறு வழியாகப் போயிருக்கலாம். அவர் பார்த்துவிட்டார்.

"வாங்க மேடம். நாளைக்கு நமக்குப் பாராட்டு விழாவாம். மாலை வாங்கணுமா, அவங்களே போட்டுடுவாங்களா?"

"கை எப்படி இருக்கு?"

"கை இருக்கு மேடம். வேலைதான் இருக்குமா தெரியல." சிரித்தார். தழும்பு ஓடிய கையால் கருவிப் பையைத் துழாவி ஒரு பாலித்தீன் பொட்டலத்தை எடுத்தார். "இதை உங்ககிட்ட குடுக்கணும்னு இருந்தேன். தங்கச்சியோட செருப்பு. அன்னைக்கே எடுத்து வச்சேன், குடுக்கவே முடியல."

பெரியவள் வாங்கிக்கொண்டாள். பொட்டலம் கனக்கவில்லை. கை கனத்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா மேடம்? இது வாசல்ல இல்ல. மூட்டைக்கு அந்தப் பக்கம், ஒண்ணு இங்க ஒண்ணு அங்கன்னு கிடந்துச்சு. அதுக்கு முன்னாடியே ஒரு தடவை நான் அந்த வழியா போனேன். வாசல்ல செருப்பு இருந்திருந்தா, ஆள் உள்ள இருக்குன்னு அப்பவே எட்டிப் பாத்திருப்பேன். வாசல் காலியா இருந்துச்சு. நானும் போயிட்டேன்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "எப்படி அவ்வளவு தூரம் போச்சுன்னுதான் புரியல."

"காத்தடிச்சிருக்கும்."

சொல்லிவிட்டாள். நாக்குக்கு எலும்பில்லாத சுகம், நினைக்குமுன் புரண்டுவிட்டது. அந்த நாள் ஓர் இலைகூட அசையாத நாள். கூடாரத்தின் தாள்கூட மூச்சடைத்துத் தொங்கிய நாள். அது அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்ததோ என்னவோ.

"ஆமா மேடம்" என்றார் ஒயர்மேன், கருவிப் பையை மூடியபடி. "காத்துதான்."

பேருந்தில் பொட்டலம் மடிமேல் இருந்தது. ஒரு பொய்யைச் சொன்னால் ஒரு பொய்யோடு முடியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இல்லை, மௌனமாக இருந்தவரை அது பொய்கூட இல்லை என்று நினைத்திருந்தாள். இன்று ஒரு தலையசைப்பில் ஒருவருடைய பிழைப்பைத் தூக்கிக் கொடுத்தாயிற்று. ஒரு சொல்லில் அவர் கண்ணைக் கட்டியாயிற்று. வெயிலைத் தாங்கிய மூன்று வரிசைகளை உலகத்துக்குக் காட்டப்போகிற கை, வெயிலுக்கு முன்பே ஒதுங்கித் தப்பிக்கும் பயிர்களின் இனத்தைச் சேர்ந்தது. அதற்கு மட்டும் நூல் கட்ட ஆளில்லை. அதுதான் அதன் தைரியம்.

வீட்டில் சின்னவள் முன்னறையின் சிமெண்டுத் தரையில், கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டோடு, மேசை விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் இன்னும் வரவில்லை. வெளிச்சம் இருந்தது.

"வாங்க மேடம், மகாராணி தர்பார் நடக்குது. மனு ஏதாச்சும் இருந்தா குடுங்க" என்றாள். "காலையில நீங்க வச்ச குழம்புல உப்பு போட்டீங்களா, இல்ல அதையும் பாதிக்குப் போட்டு, பாதிக்குப் போடாம ஆராய்ச்சி பண்றீங்களா?"

பெரியவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள்.

"அட, என் செருப்பு! தொலைஞ்சுபோச்சுன்னு இருந்தேன்." ஒன்றை எடுத்து மண்ணைத் தட்டினாள். "எங்க இருந்துச்சு?"

"அன்னைக்கு அந்த வாசலை மூடினது நான்."

விசிறி தலையைத் திருப்பி அந்தக் கோடிவரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

"நான் முட்டுக்கொடுத்த கல்லு சரிஞ்சு வாசல் தானா விழுந்துச்சுன்னு இல்ல நினைச்சேன்" என்றாள் சின்னவள் மெதுவாக.

"நான்தான். கிளிப்பு போட்டேன். மூட்டைய இழுத்து அடைச்சேன்."

"நான் உள்ள இருக்கேன்னு தெரியாம தானே?"

கேள்வியில்லை அது, திறந்து வைத்த கதவு. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பெரியவள் அதன் வழியே நடந்து வெளியே போய்விடலாம். பாதி உண்மையும்கூட. தன் ஓரகத்தி தனக்காகத் தன் கையாலேயே அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது புரிந்தபோதுதான், அதன் வழியே போக முடியாது என்பதும் புரிந்தது.

"செருப்பு கால்ல பட்டுச்சு. ஓரமா தள்ளிட்டுத்தான் மூடினேன்."

"பாத்தீங்களா?"

"குனிஞ்சு பாக்கல. ஆனா உன் செருப்புன்னு என் காலுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும். நிக்கல. கூடாரம் சூடாகணும், அது ஒண்ணுதான் மண்டையில இருந்துச்சு."

சின்னவள் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தாள். அதன் ஜோடிக்குப் பக்கத்தில், நேராக, இரண்டு முனைகளும் ஒன்றாக நிற்கும்படி வைத்தாள்.

"கத்தினேன்க்கா. சத்தம் வரல. பிளாஸ்டிக்கைக் கிழிக்கலாம்னு நகத்தை வச்சேன்." அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஊசி முனை அளவு ஓட்டைக்கு நீங்க என்ன பேச்சுப் பேசினீங்க, ஞாபகம் இருக்கா? எல்லார் முன்னாடியும். அது ஞாபகம் வந்துச்சு. கை பின்னாடி வந்துடுச்சு. சரி, வாசல் எப்படியும் திறப்பாங்க, அதுக்குள்ள மிச்சக் கதிரையும் கட்டிடலாம்னு உக்காந்துட்டேன்."

பெரியவளால் அழ முடியவில்லை. அழுதால் அது சின்னவளைத் தன்னைத் தேற்றச் சொல்லும் வேலையாகிவிடும். அந்தக் கூலியில்லாத வேலையையும் அவளுக்குக் கொடுக்க மனமில்லை. கைப்பையைத் திறந்து, உறையிலிருந்து ஒரு கதிரை எடுத்து நீட்டினாள். மூன்று வரிசைகளில் ஒன்றின் கடைசிக் கதிர். அதன் காம்பில் சிவப்பு நூல் ஒரு வளையமாகச் சுற்றி, முனை இரண்டும் தொங்க, இறுக்காமலே நின்றிருந்தது.

"இதான் கடைசி" என்றாள் சின்னவள் உடனே. "முடிச்சுப் போட விரல் கேக்கல." கதிரை அழுத்திப் பார்த்தாள். "உள்ள கெட்டியா இருக்கே. காய்ச்சிருக்கா?"

"காய்ச்சிருக்கு. அன்னைக்கு அந்தச் சூட்டைத் தாங்கினது மூணே வரிசை. நீ கட்டின நூலாலதான் அதை நிரூபிக்க முடியும். நம்ம பசங்க காலத்துல வெயில் இன்னும் ஏறும். அப்ப இதுதான் சோறு போடும்."

"ஓ."

சின்னவள் கதிரைத் திருப்பினாள். தொங்கிய நூல்முனைகளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பிடித்தாள். இழுத்தால் இறுகும், உருவினால் கழன்றுவிடும். இரண்டும் செய்யாமல் விட்டாள்.

"இது தாங்கிடுச்சு" என்றாள். "நான் தாங்கலையே அக்கா. எனக்கு யாரு புது மரபணு வைப்பாங்க?"

அது கேலியா, கேள்வியா, சாபமா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. பயிரைத் தாங்கச் செய்துவிட்டால் வெயிலைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்றல்லவா நாடெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறது! அந்தப் பயிரை நடுகிற கையும், களையெடுக்கிற முதுகும், பூவுக்கு நூல் கட்டுகிற விரலும் எந்த மரபணுவை நம்பி வெயிலில் நிற்கும்?

"ஒயர்மேன் அண்ணன் மேலதான் பழியா?" என்று கேட்டாள் சின்னவள்.

"நாளைக்குக் காலையில விசாரணை. இன்னைக்கு இயக்குநர் கேட்டப்போ தலையாட்டிட்டு வந்திருக்கேன்."

"ஓ" என்றாள் மறுபடியும். பிறகு, "நானும் வரேன்."

"வெயில்ல நீ வரக்கூடாதுடி..."

"ஆட்டோ இருக்கு. ஈரத் துண்டு இருக்கு. அங்க ஏ.சி. ரூமு." எழுந்து நின்றாள், சுவரைப் பிடித்துக்கொண்டாள். "வந்து என்ன சொல்லப்போறேன்னு மட்டும் இப்பக் கேக்காதீங்க. எனக்கே தெரியல. இன்னைக்கு நீங்க என்கிட்ட பேசவும் வேணாம்."

அன்று இரவு அந்த வீட்டில் உப்பைப் பற்றி யாரும் கேலி செய்யவில்லை.

மறுநாள் காலை ஆட்டோவில் இருவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் ஒயர்மேன் துவைத்துத் தேய்த்த சட்டையில் உட்கார்ந்திருந்தார். சின்னவளைக் கண்டதும் எழுந்தார். "நல்லா இருக்கியாம்மா?" என்றார். அவள் தலையசைத்தாள். கூடாரத்துப் பழக்கம் போகாமல், கூட்ட அறை வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, பளபளத்த தரையில் வெறுங்காலோடு உள்ளே போனாள். யாரும் அவளை அழைத்திருக்கவில்லை. யாருக்கும் போகச் சொல்லவும் வாய் வரவில்லை. சுவரோரம் கடைசி நாற்காலியில் ஈரத் துண்டோடு உட்கார்ந்தாள்.

மேசையின் நடுவே வெள்ளைத் தாளில் மணிகள். பக்கத்தில், விசாரணைக் குழுவினர் ஆசைக்கு ஆளுக்கொரு கதிராகக் கசக்கிப் பார்த்த உமி. இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். "முதல்ல நல்ல செய்தி, அப்புறம் விசாரணை. அந்த ஒயர்மேனைப் பிறகு கூப்பிடலாம். கதவைச் சாத்துப்பா, குளிரு வெளியே போகுது."

பியூன் கதவைத் தள்ளினார். நுனியில் ஏதோ தடுத்தது. சின்னவள் ஓரமாக விட்டதுதான். ஆனாலும் கதவின் வீச்சுக்குள் கிடந்தது. குனியச் சோம்பலுற்ற பியூன், அதை ஓரமாக ஒதுக்கக் காலை நீட்டினார்.

"தள்ளாதீங்க."

அறை திரும்பியது. பெரியவள் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு கை மேசை விளிம்பைப் பற்றியிருந்தது.

"செருப்பைத் தள்ளாதீங்க. ஆள் உள்ள இருக்கு."

இயக்குநர் சிரித்தார். "தெரியுதே மேடம், எல்லாரும் உள்ளதானே இருக்கோம். உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. கடைசி நாற்காலியைப் பார்த்தாள். சின்னவள் அவளைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே, பாதி திறந்த கதவின் இடைவெளியில், பெஞ்சிலிருந்து ஒயர்மேனின் முகம் இந்தப் பக்கம் திரும்பியது. பியூனின் கால் அந்தரத்திலேயே நின்றது. அறையின் குளிர்காற்று மேசைமேல் தவழ்ந்து கதவிடுக்கை நோக்கி ஓடியது. கசக்கிய உமி எழும்பியது. ஒவ்வொன்றாக மேசை விளிம்பைத் தாண்டி, தரையில் உருண்டு, வாசலில் கிடந்த அந்தச் செருப்புகளின்மேல் போய் ஒட்டிக்கொண்டது.